தேக்காவில் ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமென்றால்

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காப் பக்கம் கடை வைத்திருக்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வாடகையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அடுத்து வருவது கட்டட விதிகளாகத்தான் இருக்கும். ஜன்னலை அலுமினியத்தில் போட விட மாட்டேன் என்கிறார்கள், ஏசி மெஷினை முன்பக்கம் மாட்டக் கூடாது என்கிறார்கள், பெயர்ப்பலகை தூணை மறைக்கிறது என்கிறார்கள், ஓடு மாற்றினாலும் அதே மாதிரி ஓடுதான் வேண்டுமாம். உள்ளே நான் என்ன வியாபாரம் செய்கிறேன், எப்படிக் கஷ்டப்படுகிறேன் என்று யாரும் கேட்பதில்லை, வெளியே ஒரு ஆணி அடித்தால் மட்டும் வந்துவிடுகிறார்கள் என்பது பொதுவான குறை.

நான் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். பழைய கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடு) பழுதுபார்க்க அனுமதி கேட்டுப் போகும் வரைபடங்கள்தான் எங்களுக்கு முக்கியமான பிழைப்பு. அதனால் கடைக்காரர் பேச்சும் காதில் விழும், அதிகாரிகள் எழுதி அனுப்பும் பதிலும் கண்ணில் படும். என் கட்சி என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விதிகளில் பெரும்பாலானவை சரியானவை. ஆனால் அவற்றை எல்லாரும் அழகு சம்பந்தப்பட்டதாகவே பேசுகிறோம், சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதற்காக என்பதுபோல. கட்டடம் நிற்பதற்கும் விழுவதற்கும் அந்த விதிகளோடு உள்ள தொடர்பைக் கடைக்காரரிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. பாதி மனக்கசப்பு அங்கேதான் பிறக்கிறது. மீதிப் பாதி, செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்.

கொஞ்சம் பின்னணி. 1960களிலும் 70களிலும் சிங்கப்பூர் நகர மையத்தில் பழைய தெருக்கள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. மிச்சம் இருந்தவையும் நல்ல நிலையில் இல்லை. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை அப்படியே உறைய வைத்திருந்ததால் உரிமையாளர்கள் கூரைக்கு ஒரு ஓடுகூட மாற்றத் தயாராக இல்லை (அந்தச் சட்டம் முழுமையாக நீங்கியது 2001-இல்). நகர மறுசீரமைப்பு ஆணையம் 1986-இல் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்து, 1989 ஜூலை 7 அன்று முதல் 10 வட்டாரங்களை அரசிதழில் வெளியிட்டது. 3,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஒரே நாளில் பாதுகாப்புக்குள் வந்தன. இன்று அந்த எண்ணிக்கை 7,200-ஐத் தாண்டிவிட்டது. லிட்டில் இந்தியா அந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே விதி கிடையாது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ நான்கும் வரலாற்று வட்டாரங்கள். இங்கேதான் கெடுபிடி அதிகம். கட்டடத்தின் மொத்த உடலையும் வைத்துக்கொள்ள வேண்டும்: முகப்பு, கூரை, பக்கத்துக் கடையோடு பகிரும் சுவர், காற்றுமுற்றம் (நடுவே வானம் பார்த்த திறந்த இடம்), மரத் தளம், மரப் படிக்கட்டு, பின்கட்டு எல்லாமே. பக்கத்திலேயே உள்ள ஜாலான் புசார் மாதிரியான இடங்களில் முன்கட்டிடத்தைக் காப்பாற்றிவிட்டால் பின்னால் புதிதாக எழுப்பிக்கொள்ளலாம். கொஞ்ச தூரம் நடந்தாலே விதி மாறிவிடுவதால், "அங்கே அவனுக்கு விட்டீங்களே" என்ற சண்டை அடிக்கடி வரும். அடிப்படைக் கொள்கை ஒன்றுதான்: முடிந்தவரை இருப்பதை விட்டுவை, பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார். கேட்க எளிமையாக இருக்கிறது. தளத்தில் நின்று செய்யும்போதுதான் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு செலவாகிறது என்று தெரியும்.

இந்த ஊரில் கட்டடத்தின் வெளிப்புறத்துக்கு விதி போடுவது 1989-இல் தொடங்கியதும் அல்ல. 1822-இல், இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த உத்தரவிலேயே, ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெருவின் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாக, எப்போதும் மக்கள் நடக்கத் திறந்திருக்க வேண்டும் என்று இருந்தது. நாம் அஞ்சடி என்று சொல்லும் நடைபாதை அப்படி வந்ததுதான். மழையிலும் வெயிலிலும் நனையாமல் காயாமல் ஒரு தெரு முழுக்க நடந்துவிடலாம். ஆனால் கடைக்காரருக்கு அது தன் வாசல், தன் இடம். சரக்கு அங்கேதான் இறங்கும், தையல்காரரும் முடி வெட்டுபவரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். 1887-இல் நகராட்சிக்குப் புதுச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அஞ்சடியைக் காலி செய்யக் கிளம்பியபோது கடைகள் அடைக்கப்பட்டு, ஊரில் கலவரமே நடந்தது. வராந்தா கலவரம் என்று வரலாற்றில் இருக்கிறது. இன்றைக்கு டன்லப் ஸ்திரீட்டில் அஞ்சடியில் அடுக்கிய காய்கறிப் பெட்டியை உள்ளே எடுக்கச் சொல்லும்போது எழும் கோபத்துக்கு நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் வயது என்று நான் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

சரி, சுவருக்கு வருகிறேன். நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

கெர்பாவ் ரோடு, கஃப் ரோடு பக்கம் எந்தப் பழைய கடைக்குள் நுழைந்தாலும் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை சுவரைப் பாருங்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். விரலால் தட்டினால் உதிரும். உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், அதற்கும் உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். சுரண்டினால் சிவப்புத் தூள் கையோடு வரும். கொத்தனார்கள் ஓதம் ஏறுது என்பார்கள். இந்தக் கடைவீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஏறட்டும் என்று விட்டுத்தான் அன்றைக்குக் கட்டினார்கள். செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புக் காரை, அதற்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை. ஏறிய ஈரம் இந்த வழியாகவே காற்றில் போய்விடும். அதனால்தான் இவ்வளவு மழை பெய்யும் ஊரில் நூறு வருஷம் நின்றது.

இப்போது அதன் மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பான அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தால் என்ன ஆகும்? வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நடப்பதுபோல, ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். அதில் கரைந்துள்ள உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கும். சிலர் ஒரு படி மேலே போய், அசிங்கமாக இருக்கிறதே என்று இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். ஓதம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, முன்பு இடுப்பளவில் நின்றது இப்போது தோள் உயரத்தில் வெளிவரும். ஒரு மளிகைக் கடையில் அப்படி ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்தபோது, செங்கல் வரிசையில் கட்டைவிரல் முழுசாக உள்ளே போனது. அந்தச் சுவர்தான் இரண்டு கடைகளின் கூரை உத்தரங்களையும் தாங்குகிறது.

ஆகவே, காற்றுப் புகும் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும், முகப்புத் தூணில் டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டக் கூடாது, பழைய காரையைச் சுண்ணாம்பில்தான் பழுதுபார்க்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் அழகுக்கான விதிகள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. எனக்கு அவை வைத்தியம். பார்வைக்கு லட்சணமாக இருப்பது கூடவே வருகிற பலன், அவ்வளவுதான்.

இந்தச் சுண்ணாம்பு வேலை நமக்கு அந்நியமானதும் இல்லை. இங்கே 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்களுக்குப் பூசியது மெட்ராஸ் சுனாம் என்று பெயர் பெற்ற சாந்து: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கரும்புச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளின் உழைப்பு அது. அவர்கள் சிராங்கூன் சாலைச் சூளைகளில் சுட்ட செங்கல் 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. செங்கல் சூளையும் மாட்டுத் தொழுவமும் இருந்த சாலைதான் பிறகு நம் மக்கள் கூடும் வட்டாரமாக வளர்ந்தது. அந்தச் சாலையோரச் சுவர்களில் நாமே சிமெண்டை அப்பி அதை அரிக்க விடுகிறோம் என்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

ஜன்னல் விஷயமும் இதே கதைதான். மேல்மாடியில் தரை வரை இறங்கும் மர ஜன்னல், அதில் சாய்வாகக் கோத்த பலகைகள். பலகைகளை இணைக்கும் குச்சியை மேலே கீழே தள்ளினால் எல்லாப் பலகையும் சேர்ந்து திரும்பும். மழை பெய்யும்போதும் மூடாமல் வைக்கலாம். சாரல் பலகையில் பட்டு வெளியே வழியும், காற்று உள்ளே வரும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதி மூடித்தான் இருக்கும், மழை வந்தால் மீதியையும் சாத்தியாக வேண்டும், சாத்தினால் உள்ளே புழுங்கும், புழுங்கினால் ஏசி. இதை வரைந்து காட்டிச் சொன்னால் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் மர ஜன்னலின் கீழ்க்கட்டையில்தான் தண்ணீர் தங்கும், முதலில் உளுத்துப்போவதும் அதுதான். அந்தக் கட்டையை மட்டும் வெட்டி எடுத்து, அதே ஜாதி மரத்தில் துண்டு வைத்து இணைத்தால் ஜன்னல் இன்னும் பல வருஷம் ஓடும். அதற்குத் தெரிந்த ஆசாரி வேண்டும். கிடைப்பது அரிது, கிடைத்தால் கூலி அதிகம். முழு ஜன்னலையும் கழற்றி எறிந்துவிட்டு, பழசு மாதிரியே தோன்றும் புதுசைச் செய்து மாட்டுவது பல நேரம் மலிவாக முடிகிறது. விதி அதற்கும் இடம் கொடுக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய தேக்குக் கட்டையில் வெறும் கீழ்ப்பகுதி அழுகியதற்காக மொத்தத்தையும் குப்பைக்கு அனுப்புவதை எளிதாக விட்டுவிட்டு, பெயர்ப்பலகையில் கொஞ்சம் கூடிப்போனதற்குக் கடிதம் போடுவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

ஏசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கடை அண்ணன் என்னிடம் சொன்னது: "தம்பி, அவங்களுக்கு முகப்பு முக்கியம், எனக்கு உள்ள உக்காந்து சாப்பிடுறவன் வேர்க்காம இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி சொல்லுங்க." நியாயமான கேள்வி. மெஷின் முன்னால் வரக் கூடாது என்றால் பின்கட்டுக்குப் போக வேண்டும். பல கடைகளின் பின்னால் சந்து உண்டு. 1907-இல் வந்த சிம்ப்சன் என்ற மருத்துவரின் சுகாதார அறிக்கைக்குப் பிறகு, முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளுக்கு நடுவே வெட்டித் திறந்தவை அவை. இன்று அவை ஏசி மெஷின், புகைக்குழாய், கழிவுநீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாம் முட்டிக்கொள்ளும் இடம். முன்பக்கத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் விதி எல்லாவற்றையும் பின்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு கடையும் தனித்தனியாகத் தள்ளுவதால் அங்கே நின்றால் அனல் அடிக்கும். ஒரு வரிசைக்கே சேர்த்து ஒரு ஏற்பாடு செய்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். உரிமையாளர்கள் வேறு வேறு ஆட்களாக இருப்பதால் அந்தப் பேச்சு எழுவதே இல்லை. அந்த அண்ணனுக்குப் பின்கட்டுக் கூரை மேல் இடம் கண்டுபிடித்தோம், குழாய் நீளம் கூடியதால் செலவும் கூடியது.

நிறத்தில் மட்டும் உரிமையாளருக்கு நிறையவே இடம் இருக்கிறது. கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் தெங் நியா வீட்டைப் பாருங்கள், 1900-இல் கட்டியது, இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கும் சீன வில்லா. இன்று ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம். கட்டியபோது அப்படி இருந்திருக்காது. எனக்கு அதில் புகாரும் இல்லை, நிறம் அடுத்த தடவை மாறிவிடும், சுவர்தான் திரும்ப வராது. ஆனால் சுவரில் படம் வரைவது வேறு கணக்கு, அதற்கு முன் அனுமதி வேண்டும். 2024-இல் சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஒரு கடைவீட்டுச் சுவரில், கையில் சிகரெட்டோடு உட்கார்ந்திருக்கும் சம்சுய் பெண்ணின் (சீனாவிலிருந்து வந்து கட்டட வேலை செய்த பெண்) பெரிய ஓவியம் வந்தது. சிகரெட்டை அழிக்க வேண்டும் என்று ஆணையம் முதலில் சொல்ல, ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. கடைசியில் ஓவியத்தை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவானது. அனுமதி வாங்காமல் வரைந்ததற்காக உரிமையாளருக்கு 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அந்த விவாதம் முழுக்கச் சிகரெட்டைச் சுற்றியே நடந்தது. அந்தச் சுவருக்கு எந்த வகைப் பெயிண்ட், அதன் வழியாக ஈரம் வெளியே போகுமா என்று யாரும் கேட்டதாக என் கண்ணில் படவில்லை.

இப்போது செலவு. பாதுகாக்கப்பட்ட கட்டடத்துக்கு அரசு சலுகை கொடுக்காமல் இல்லை, சில அரசுக் கட்டணங்களில் விலக்கு உண்டு. ஆனால் அது கட்டடத்தை வாங்கி மாற்றிக் கட்டுகிறவருக்குப் பயன்படும் சலுகை. கீழே மாத வாடகைக்குப் பூக்கடையோ புடவைக் கடையோ நடத்துகிறவருக்கு அதில் ஒரு காசும் வராது. அவருக்கு வருவது கடிதம் மட்டும். முன்பு இருந்தவர் மாட்டிவிட்டுப் போன வெயில் மறைக்கும் கூடாரத்தை, தூணில் ஒட்டிய டைல்ஸை எடுக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது, "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டேன் என்று" என்பார் உரிமையாளர். எங்களிடம் வந்த ஒரு அக்காவுக்கு இது நடந்தது. யாரோ செய்த வேலைக்கு வரைபடக் கூலி, அனுமதிக் கட்டணம், பெயர்க்கும் கூலி, காரை பூசும் கூலி எல்லாம் அவர் கையிலிருந்து போனது. விதி சரியாகத்தான் இருந்தது, போய்ச் சேர்ந்த முகவரிதான் தப்பு.

புதுச்சேரியில் வைசியாள் வீதியில் வேறு மாதிரி முயன்றார்கள். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில் அந்தத் தெருவின் முகப்புகளை மீட்டெடுத்தார்கள். இடிந்துபோன தாழ்வாரங்களை மரத்தூணும் ஓட்டுச் சரிவுமாக மறுபடி எழுப்பி, திண்ணைகளைச் சீராக்கினார்கள். செலவில் ஒரு பங்கைத் திட்டம் ஏற்றுக்கொண்டது, மறு பங்கை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தமிழ்ப் பகுதியின் மற்ற தெருக்களில் தாழ்வாரங்கள் போய் ஷட்டர் கடைகள் வந்த வேகத்தோடு பார்த்தால் அது ஒரே ஒரு தெருதான். ஆனாலும் தன் பங்கைப் போட்ட ஆளுக்கு அந்தத் தூணின் மேல் ஒரு உரிமை வந்துவிடுகிறது, அடுத்தவர் சொல்லாமலே பார்த்துக்கொள்வார். இங்கே அந்த அளவுக்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்புக் காரைக்கும் மர ஜன்னல் பழுதுக்கும் மட்டுமாவது, கூலியில் ஒரு பங்கை அரசு கொடுத்தால் ஆசாரிகளுக்கும் நிரந்தரமாக வேலை இருக்கும், இளையவர்களும் கற்றுக்கொள்ள வருவார்கள்.

இன்னொன்று, நான் வேலையில் புரட்டும் வழிகாட்டிக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் கட்டடக்கலை படித்தவர்களுக்கான ஆங்கிலத்தில். தேக்காவில் கடை நடத்துகிறவர்களுக்கு, எந்தப் பெயிண்ட் அடிக்கலாம், ஓதம் ஏன் வருகிறது, டைல்ஸ் ஏன் ஒட்டக் கூடாது என்பதை நல்ல தமிழில், படத்தோடு நாலு பக்கத்தில் போட்டுக் கொடுத்தால் பாதிக் கடிதங்களுக்கு வேலையே இருக்காது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு தாளில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இந்த வட்டாரத்தில் கடை எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் உரிமையாளரிடம் கடைசியாக அனுமதி வாங்கிய வரைபடத்தைக் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்: கூடாரம் அதில் இருக்கிறதா, பெயர்ப்பலகை எந்த அளவு, ஏசி மெஷின் எங்கே, தூணில் பூச்சா டைல்ஸா, காற்றுமுற்றத்தை யாராவது மூடியிருக்கிறார்களா. வரைபடத்தில் இல்லாத எதுவாக இருந்தாலும் படம் எடுத்து, அதை அகற்றும் செலவு உரிமையாளருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வரைபடம் இல்லை, தொலைந்துவிட்டது என்று சொன்னால், அது கிடைக்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.